குளோரின் பட்ட பாக்டீரியாவுக்கு வைரஸ் வருமா?

கேள்வி: எங்கள் வீட்டில் லாரித் தண்ணீர்தான். சம்ப்பில் அவ்வப்போது ஒரு கை பிளீச்சிங் பவுடர் போடுவோம். பாக்டீரியாவையும் தாக்குகிற வைரஸ் இருக்கிறது என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். குளோரின் பட்டு நோஞ்சானான பாக்டீரியாவை அந்த வைரஸ் சுலபமாகப் பிடித்துக்கொள்ளுமா? பிடித்தால் நமக்கும் வருமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: வராது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்கு பேஜ் என்று பெயர். அது மனித செல்லுக்குள் நுழைந்து பெருகாது, பயப்படாதீங்க.

மற்றபடி உங்கள் ஊகம் தலைகீழ். நாம் பலவீனமானால் நோய் சுலபமாக வரும், பாக்டீரியா விஷயத்தில் பெரும்பாலும் அப்படி நடக்காது. பேஜ் வந்து ஒட்டிக்கொள்ள பாக்டீரியாவின் மேலுறையில் குறிப்பிட்ட ஓர் இடம் வேண்டும், ஒட்டி மரபுப்பொருளை உள்ளே செலுத்திய பிறகும் குட்டி போடுவதற்கு அந்த பாக்டீரியாவின் ஆற்றலும் புரதம் செய்யும் இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குளோரின் கைவைப்பதே அந்த உறையிலும் என்சைம்களிலும்தான். குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா கொழுத்து வளரும்போது அதற்குள் புகுந்தால் அரை மணி நேரத்தில் நூறு பேஜ் வெளியே வரும், குற்றுயிரான ஈ.கோலையில் அதற்கு வேலையே நடக்காது. போதாததற்கு, தண்ணீரில் திரியும் பேஜையும் குளோரின் சேர்த்தே சிதைக்கிறது.

ஆனால் உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள். சில பாக்டீரியாவின் டிஎன்ஏவுக்குள்ளேயே ஒரு பேஜ் சத்தம் போடாமல் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும். டிஎன்ஏவில் அடி விழுந்தால் அது விழித்துக்கொண்டு, பெருகி, இருந்த வீட்டையே வெடித்துவிட்டு வெளியேறும். புற ஊதாக் கதிரை அளவாகக் காட்டி 1950இல் இதை நிரூபித்தவர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஆந்த்ரே ல்வாஃப், 1965இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். சில ஆன்டிபயாடிக்குகளும் அப்படி எழுப்பிவிடும். ஓ157 என்ற மோசமான ஈ.கோலை வகைக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க டாக்டர்கள் தயங்குவதற்கு இது ஒரு காரணம், ஏனென்றால் அதன் நஞ்சுக்கான ஜீனே உள்ளே தூங்கும் பேஜில்தான் இருக்கிறது. காலராக் கிருமியின் நஞ்சு ஜீனும் ஒரு பேஜ் கொண்டுவந்ததுதான் என்று 1996இல் தெரிந்தது. பேஜ் நம்மைத் தொடாது, சரி, ஆனால் நம்மைத் தொடும் பாக்டீரியாவுக்கு ஆயுதம் கொண்டுபோய்க் கொடுக்கும்! அதற்காக வீட்டு யூவி (அதே புற ஊதாக் கதிர்) ஃபில்டரைக் கழற்றிவிடாதீர்கள், முழு அளவு கதிர் பட்டால் பாக்டீரியாவின் கதை முடிந்தது.

நான் கவலைப்படுவது உங்கள் ‘ஒரு கை’ மேல்தான். சம்ப் எத்தனை லிட்டர், பவுடர் எத்தனை நாளாகத் திறந்து கிடந்தது? திறந்து வைத்த பவுடரில் குளோரின் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, குளோரின் கலந்து குறைந்தது 30 நிமிடம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்று. அளந்து பார்க்கும் சின்ன கிட் கடையில் கிடைக்கிறது. சம்ப் சுவரில் வழுவழுவென்று பிடித்திருக்கிறதே, அதுவும் பாக்டீரியாதான், உள் அடுக்குக்குப் போவதற்குள் குளோரின் தீர்ந்துவிடும். இறைத்துவிட்டு பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், அப்புறம் மருந்து.

கேள்வி: மழை நின்றதும் சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்களே, பலன் உண்டா?
- ஒரு வாசகர், காசிமேடு

பதில்: சேற்றின் மேல் தூவினால் அதிலுள்ள குளோரினைச் சேறே தின்றுவிடும். வாடை வரும், பார்க்கவும் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். முதலில் சேற்றை அள்ளச் சொல்லுங்கள்.