சங்கத்தால் எனக்கென்ன லாபம்? – வாசகர் கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடம் உளவியலாளர் சங்கம் ஒன்றின் மக்கள் தொடர்புக் குழுவில் இருந்தவள் நான். சென்ற இதழில் போகிற போக்கில் அதைப் பற்றி ஒரு வரி எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: அம்மா, எந்தத் தொழிலுக்குச் சங்கம் வைத்தாலும் அது அந்தத் தொழில்காரர்களின் நன்மைக்குத்தானே? உளவியலாளர் சங்கத்தால் வெளியில் நிற்கும் எனக்கு என்ன லாபம்? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

பதில்: ஆரம்பம் நீங்கள் நினைக்கிற மாதிரிதான் ஐயா. அமெரிக்க உளவியல் சங்கம் 1892-இல் 31 உறுப்பினர்களோடு தொடங்கியது. 1901-இல் லண்டனில் பத்துப் பேர் கூடி ஆரம்பித்ததுதான் இன்றைய பிரிட்டிஷ் உளவியல் சங்கம். பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் கட்டுரை வாசித்துக்காட்டிய இடங்கள் அவை. 1969-இல் அமெரிக்கச் சங்கத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் மில்லர், உளவியலை வல்லுநர்கள் தங்களுக்குள் பூட்டி வைக்காமல் தேவைப்படுகிறவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று தலைமையுரையில் பேசினார். அந்த உரையைப் படித்துவிட்டுத்தான் நான் இந்தக் குழுவுக்கே வந்தேன்.

கொடுப்பது என்று சொல்வது சுலபம். எனக்குக் கிடைத்த முதல் வேலை, தூக்கமின்மை பற்றி நான்கு பக்கத் துண்டுப்பிரசுரம். முதல் பத்தியிலேயே "அறிதல்சார் மிகைவிழிப்பு நிலை" என்று எழுதியிருந்தேன். பெருமையாக அண்ணியிடம் நீட்டினேன். இரண்டு வரி படித்துவிட்டு, "இதைப் படித்தாலே தூக்கம் வந்துவிடும், அந்த வகையில் நல்லதுதான்" என்றார். ஆறு முறை திருத்திய பிறகு அந்த இடத்தில் "படுத்ததும் மனசு ஓட ஆரம்பித்துவிடும்" என்று வந்து நின்றது. தரம் போய்விட்டது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் புகார் எழுதினார். அண்ணி முழுக்கப் படித்து முடித்தார். எனக்கு அது போதும்.

கேள்வி: டிவி விவாதம் ஒன்றில், தான் ஒருமுறைகூடச் சந்திக்காத ஒரு பிரபலத்துக்கு இன்ன மனநோய் என்று ஓர் உளவியலாளர் அடித்துச் சொன்னார். சங்கம் இதையெல்லாம் கேட்காதா? (இதழியல் மாணவி)

பதில்: கேட்டாக வேண்டும். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் பேரி கோல்ட்வாட்டர் வேட்பாளர். 'ஃபேக்ட்' என்ற இதழ் 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டு, இவருக்கு அந்தப் பதவிக்கான மனநிலை இருக்கிறதா என்று கேட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். அதில் 1,189 பேர், இல்லை என்றார்கள். பத்திரிகையையும் டிவியையும் பார்த்துச் சொன்ன பதில்! கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேரில் பரிசோதிக்காத ஒருவரைப் பற்றி இப்படிக் கருத்துச் சொல்லக் கூடாது என்று விதியே எழுதிவிட்டது. உளவியலாளர்களின் நெறிமுறைகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன.

நடைமுறை வேறு. ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வரும். "ஒரே ஒரு நிமிடம் மேடம், அந்தப் பேட்டியில் அவர் கண்ணைப் பார்த்தீர்களா? பொய்தானே சொல்கிறார்?" அவர் பொய் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியாது, கண்ணைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியும் என்ற நம்பிக்கை ஏன் தவறு என்று வேண்டுமானால் பேசுகிறேன் என்பேன். பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுவார்கள். அடுத்த அரை மணியில் வேறொருவர் திரையில் உட்கார்ந்து கண்ணைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். அவர் எங்கள் உறுப்பினராக இருந்தால் மறுநாள் கடிதம் போகும். சங்க வேலையில் பாதி இப்படிச் சொல்லாமல் இருப்பதும், சொல்லாதீர்கள் என்று தடுப்பதும்தான். ஆண்டறிக்கையில் அதற்கு எந்தத் தலைப்பிலும் இடம் கிடையாது.

கேள்வி: கவுன்சிலிங்கில் நான் நம்பிச் சொன்னதை அந்த ஆலோசகர் என் மாமியாரிடம் சொல்லிவிட்டார். சங்கத்துக்கு எழுதினேன். "அவர் எங்கள் உறுப்பினர் அல்ல" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. நான் எங்கே போவது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானதம்மா. ரகசியம் காப்பதுதான் இந்தத் தொழிலின் அஸ்திவாரம். உயிருக்கு ஆபத்து, சட்டக் கட்டாயம் போன்ற சில சூழல்களில் மட்டும் விலக்கு உண்டு. மாமியார் கேட்டார் என்பது அதில் சேராது.

சங்கத்தில் உறுப்பினராக இருப்பது வேறு, தொழில் செய்யப் பதிவு பெற்றிருப்பது வேறு. சங்கம் தன் உறுப்பினரைக் கண்டிக்கலாம், நீக்கலாம். தொழிலை நிறுத்தும் அதிகாரம் பதிவு செய்யும் அமைப்பின் கையில்தான். பட்டப்பெயர்களிலும் சிக்கல் உண்டு. பிரிட்டனில் 2009 முதல் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' போன்ற பட்டங்களைப் பதிவு பெற்றவர்கள் மட்டுமே போட்டுக்கொள்ள முடியும். வெறும் 'சைக்காலஜிஸ்ட்' என்பதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம்.

எனவே அவரிடம் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பதிவு அமைப்புக்கு எழுதுங்கள். எந்தத் தேதியில் போனீர்கள், என்ன சொன்னீர்கள், அது யார் வாயிலிருந்து எப்படித் திரும்பி வந்தது என்பதை மறப்பதற்குள் குறித்து வையுங்கள். அவர் ஏதாவது நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் என்றால் அங்கேயும் ஒரு கடிதம் கொடுங்கள்.

அந்த இரண்டு வரிப் பதிலைப் பற்றி நானும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதே மாதிரிக் கடிதங்களில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பெண்மணி அதன் பின்பக்கத்திலேயே, "சரி, அப்படியானால் அவர் யாருடைய உறுப்பினர்?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகுதான், எங்கெல்லாம் புகார் செய்யலாம் என்ற விவரத்தாள் ஒன்றைச் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தோம்.

கேள்வி: வெள்ளம் பாதித்த பகுதிக்கு உளவியல் மாணவர்கள் பத்துப் பேர் போகிறோம். நடந்ததை மக்களைப் பேச வைத்து மனபாரத்தை இறக்கலாம் என்பது திட்டம். சங்கம் பயிற்சி தருமா?

பதில்: இதற்கென்றே பயிற்சி தரும் சங்கங்கள் உண்டு. முதல் பாடத்திலேயே உங்கள் திட்டத்தைக் கைவிடச் சொல்வார்கள். சம்பவம் நடந்த கையோடு உட்கார வைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விலாவாரியாகச் சொல்ல வைக்கும் முறை ஒரு காலத்தில் எல்லோரும் செய்ததுதான். நானும் செய்திருக்கிறேன். பிறகு வந்த ஆய்வுகளில் அதனால் பலன் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்தது. இப்போது சொல்லித் தருவது உளவியல் முதலுதவி. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட கையேட்டில் அதன் சாரம் மூன்றே சொல்: பார், கேள், இணை. ஆபத்து இருக்கிறதா, யாருக்கு உடனடி உதவி வேண்டும் என்று பார்ப்பது. பேச விரும்பினால் கேட்பது, விரும்பாதவரை விட்டுவிடுவது. சொந்தக்காரர், மருந்து, தண்ணீர், நம்பகமான தகவல் என்று எது தேவையோ அதோடு இணைப்பது.

ஒரு முகாமில் எங்கள் இளைஞர் ஒருவர் நோட்டும் கையுமாக ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "இப்போது உங்கள் மனசில் என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார். "போனில் சார்ஜ் இல்லை தம்பி. பையன் கூப்பிடுவான்" என்றார் பாட்டி. அன்று முழுக்க நான் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, போன்களில் பெயர் எழுதிய காகிதத்தை ஒட்டிச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். வாங்க வந்தவர்களில் சிலர் தாங்களாகவே உட்கார்ந்து பேசினார்கள். சிலர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டுமே சரிதான்.

தனியாகப் போய் இறங்காதீர்கள். முகாமை நடத்துகிறவர்களிடம் முதலில் கேளுங்கள். அப்புறம், போட்டோ எடுக்காதீர்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் நெறிமுறை சொல்லும் சங்கமே தப்புச் செய்தால்?

பதில்: செய்திருக்கிறது. கைதிகளைக் கடுமையாக விசாரிக்கும் வேலையில் உளவியலாளர்களுக்குப் பங்கு உண்டா என்ற சர்ச்சையில், அமெரிக்க உளவியல் சங்கம் 2005-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைத் தளர்வாக வைக்கச் சங்கத்துப் பொறுப்பாளர்கள் சிலர் பாதுகாப்புத் துறையோடு கைகோத்துச் செயல்பட்டார்கள் என்று, வழக்கறிஞர் டேவிட் ஹாஃப்மன் தலைமையிலான சுயேச்சை விசாரணை 2015-இல் சொன்னது. அந்த ஆகஸ்டிலேயே அப்படிப்பட்ட விசாரணைகளில் உளவியலாளர்கள் பங்கெடுக்கக் கூடாது என்று சங்கத்தின் பேரவை ஏறக்குறைய ஒருமனதாகத் தடை போட்டது. உறுப்பினர்களில் சிலர் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே கத்திக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த அறிக்கையைப் பற்றி எங்கள் குழுவில் பேசியபோது, "அது எங்கோ நடந்தது, நமக்கென்ன" என்றார் ஒருவர். எனக்கு மட்டும் அந்தத் தூக்கமின்மைப் பிரசுரம் ஞாபகத்துக்கு வந்தது. அதன் இரண்டாம் பதிப்புக்கு அச்சுச் செலவைத் தந்தது தூக்க மாத்திரை விற்கும் ஒரு கம்பெனி. இரண்டு பதிப்புகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாத்திரைகளின் பழக்கத்துக்கு அடிமையாவதைப் பற்றி முதலில் ஒரு முழுப் பத்தி இருந்தது. இரண்டாவதில் ஒரே வரி. இடமில்லை என்று சொன்னார்கள் என்பதற்காக, என் கையாலேயே சுருக்கியது. அடுத்த கூட்டத்தில் இரண்டையும் மேசை மேல் வைத்தேன். மூன்றாம் பதிப்பு சங்கப் பணத்தில், மங்கலான தாளில் வந்தது.

கேள்வி: இணையத்தில் பத்துக் கேள்வியில் ஆளுமையைக் கணிக்கும் தேர்வுகளை நம்பலாமா?

பதில்: பொழுதுபோக்குக்குச் சரி. அதை வைத்து வேலைக்கு ஆள் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மகள் உளவியல் முதலாண்டு படிக்கிறாள். இப்போதே சங்கத்தில் சேரலாமா?

பதில்: மாணவர் உறுப்பினராகச் சேர முடியுமா என்று விசாரியுங்கள். கருத்தரங்குக்கு மட்டும் போகாமல் பொதுக்கூட்டங்களுக்கும் போகச் சொல்லுங்கள். அங்கே நாற்காலி எடுத்துப் போட எப்போதும் ஆள் குறைவு.