உப்புத் தெளிப்பில் தேறிய லேபிளை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: திறந்த வெளியில் நிற்கும் இயந்திரங்களில் ஒட்டுவதற்கான லேபிள்களுக்கு, 'உப்புத் தெளிப்புச் சோதனையில் 500 மணி நேரம் தாங்கியது' என்று விற்பனையாளர் சான்று தருகிறார். இதை எத்தனை ஆண்டு உழைப்பாகக் கொள்ளலாம்?

பதில்: அந்த மணிக்கணக்கை ஆண்டுக்கணக்காக மாற்ற நம்பகமான வாய்பாடு எதுவும் இல்லை. ஏ.எஸ்.டி.எம். பி117, ஐ.எஸ்.ஓ. 9227 ஆகிய தரமுறைகளின்படி, 35 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள மூடிய அறையில் 5 சதவீத உப்புக் கரைசல் நுண்துளிகளாக இடைவிடாமல் தெளிக்கப்படுகிறது. அங்கே வெயில் இல்லை; நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவதும் இல்லை. வெளியில் மை வெளுப்பதற்கும் பசை இறுகி விளிம்பு தூக்குவதற்கும் பெரும்பாலும் அவைதாம் காரணம். எனவே ஒரே அறையில் இரண்டு லேபிள்களை ஒப்பிட்டு, மோசமானதை ஒதுக்குவதற்கே இச்சோதனை பொருத்தமானது.

சான்றைப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது, லேபிள் எந்தப் பரப்பில் ஒட்டப்பட்டிருந்தது என்பதுதான். கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சோதித்த முடிவு, உங்கள் இயந்திரத்தின் வண்ணம் பூசிய எஃகைப் பற்றி எதுவும் சொல்லாது. விளிம்பின் வழியே நுழையும் உப்பு நீர் லேபிளுக்கு அடியில் தேங்கி, அந்தக் குறுகிய இடுக்கில் உலோகத்தை அரிக்கக்கூடும். அப்போது எழுத்துகள் பளிச்சென்று இருக்க, அடியில் துரு பரவிக்கொண்டிருக்கும். ஆகவே உங்கள் தகட்டிலேயே ஒட்டி, பசை நன்கு பிடிப்பதற்கு இரண்டு மூன்று நாள் விட்டுவைத்து, பிறகு அறைக்குள் அனுப்பச் சொல்லுங்கள். வெளியே எடுத்தபின் விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் தூக்கியது, பார்கோடு கருவியில் படிக்கிறதா, துணியால் தேய்த்தால் மை கரைகிறதா என்று குறித்துக்கொண்டு, இறுதியில் லேபிளை உரித்து அடிப்பரப்பையும் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வெயிலும் ஈரமும் மாறி மாறி வரும் சுழற்சிச் சோதனை முடிவு கிடைத்தால் அதற்கே கூடுதல் மதிப்புக் கொடுங்கள். கடல்வழி செல்லும் இரசாயனப் பீப்பாய்களின் லேபிள்களுக்கு பி.எஸ். 5609 என்ற தனித் தரமுறையே உள்ளது. அதில் லேபிள்கள் மூன்று மாதம் கடல்நீருக்கு உட்படுத்தப்படுகின்றன.

கேள்வி: துருப்பிடிக்காத எஃகில் லேசரால் பொறித்த எண்களின் மீது மட்டும் துரு வருவது ஏன்?

பதில்: லேசரின் வெப்பத்தில் பரப்பில் ஆக்சைடு படலம் தடிக்கும்போது, அதற்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கில் குரோமியம் குறைந்துவிடுகிறது, எஃகைக் காப்பதே குரோமியம்தான். பொறித்த பிறகு நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் செயலறுப்புச் செய்தால் (பாசிவேஷன், அதாவது அமிலத்தால் பரப்பைச் சுத்தம் செய்து காப்புப் படலத்தை மீண்டும் உருவாக்குதல்) காப்பு பெருமளவு மீளும். நைட்ரிக் அமிலம் சில வேளை பொறிப்பையே மங்கச் செய்வதால், சிட்ரிக் அமிலத்தை முதலில் மாதிரித் துண்டில் முயன்று பாருங்கள். பொறிப்பதற்கு முன்பு எடுத்த தகட்டின் சோதனை முடிவை, பொறித்த தகட்டிற்கும் சேர்த்து ஏற்றுக்கொள்ளாதீர்கள்.