நண்பர்கள் எல்லாரும் வெளியூரில். வேலையும் வீட்டுச் செலவும் நெருக்குகிறது. இந்த ஏக்கத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்விக்குக் கீழே இன்னும் ரெண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள்: சம்பளம் மாதக் கடைசி வரை தாங்குவதில்லை, மனம்விட்டுப் பேச ஆளில்லை, பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றுகிறது என்று. என் நிலைமையும் ஏறக்குறைய இதேதான், அதனால் எழுதுகிறேன். தீர்வு கையில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தேன். இப்போது சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு, தங்கியிருப்பது படப்பையில். கூடப் படித்தவர்களில் நெருக்கமானவர்கள் நாலு பேர். ஒருவன் துபாயில் ஏசி வேலை, ஒருவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை, ஒருவன் ஓசூர், ஒருவன் ஊரிலேயே அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறான்.

நண்பர்களைப் பார்க்க முடியாததற்கு எல்லாரும் தூரத்தைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓசூர் இங்கிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். அவனைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. துபாய்க்காரனை அவன் லீவில் வந்தபோது பார்த்துவிட்டேன்! அவன் விடுமுறை என்றால் மொத்தமாக ஒரு மாதம் ஊரில் இருப்பான், நான் எப்படியாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றுவிடுவேன். ஓசூர்க்காரனுக்கும் எனக்கும் வார விடுமுறை ஒன்றாக வருவதே அபூர்வம். வந்தாலும் அன்றைக்கு ஒருவனுக்கு ஓடி, அதாவது ஓவர்டைம், கிடைத்துவிடும். அதை விட்டுவிட்டு நண்பனைப் பார்க்கப் போகிற வசதி எங்கள் ரெண்டு பேருக்கும் இல்லை.

லீவு கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. போன தை மாதம் கூடப் படித்த ஒருவனுக்குக் கல்யாணம், எட்டயபுரத்தில். ஸ்லீப்பர் டிக்கெட் போக 400 ரூபாய் சொச்சம், வர அதே. அது பெரிய காசில்லை. ஆனால் ரெண்டு நாள் லீவு போட்டால் அந்த ரெண்டு நாள் சம்பளத்தோடு அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் போய்விடும். அப்புறம் மொய். நெருங்கிய சிநேகிதனுக்கு 501 எழுத முடியாது. எல்லாம் கூட்டிப் பார்த்தால் வாடகையில் முக்கால்வாசி வந்து நின்றது. மொய்யை மட்டும் போனில் அனுப்பிவிட்டு, மண்டபத்திலிருந்து எவனோ காட்டிய வீடியோ காலில் மாப்பிள்ளையைப் பார்த்தேன். நாதஸ்வரச் சத்தத்தில் அவன் என்ன சொன்னான் என்றே கேட்கவில்லை. கையை ஆட்டினான், நானும் ஆட்டினேன்.

சம்பளம் பேப்பரில் 20,000. பிஎஃப், ஈஎஸ்ஐ, கேன்டீன், பஸ் என்று பிடித்தது போகக் கைக்கு 17,500 சொச்சம். இதில் வீட்டுக்கு அனுப்புவது போகத்தான் மீதி எல்லாம். மின்வாரியம் வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறது. வீட்டுக்காரரே தனியாகச் சப் மீட்டர் வைத்துக் கணக்கெடுக்கும் வாடகை வீட்டில் அந்தச் சலுகை வீட்டுக்காரரோடு நின்றுவிடும், எங்களுக்கு முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய். அட்வான்ஸ் கதையும் அப்படித்தான். 2017-ல் போட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் சரி என்று ஒரு ஓட்டையையும் அதுவே விட்டு வைத்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் எங்கள் பகுதியில் எல்லா அக்ரிமென்டும் போய்வருகிறது.

சரி, ஏக்கத்துக்கு வருகிறேன்.

நாங்கள் நின்று நிதானமாகப் பேசுகிற நீண்ட போன் காலை நம்புவதை விட்டுவிட்டோம். ‘ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் பேசுவோம் மாப்ள’ என்று சொன்னால் அந்த ஞாயிறு வரவே வராது. அதற்குப் பதிலாக ஷிப்ட்டைப் பார்த்து ஆளைப் பிடிக்கிறோம். எனக்கு ஏ ஷிப்ட் காலை ஆறு முதல் மத்தியானம் ரெண்டு. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். வெயில் காலத்தில், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, அங்கே பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம். அவர்களுக்குப் பன்னிரண்டரை என்றால் நமக்கு ரெண்டு. நான் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்காரும்போது அவன் நிழல் தேடி உட்கார்ந்திருப்பான். அங்கே வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது, அங்கே அனுமதி உள்ள வேறு செயலியைத்தான் தேட வேண்டும். வாய்ஸ் மெசேஜ் மட்டும் தடையில்லாமல் போகும். அதனால் அவன் மூன்று நிமிடம், நான் ரெண்டு நிமிடம் என்று மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்வோம். அவன் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், என்னுடையதில் வண்டலூர் ரோட்டு லாரி ஹாரன்.

சி ஷிப்ட், அதாவது ராத்திரி ஷிப்ட் வாரம் சிங்கப்பூருக்கு. அவன் வேலைக்குக் கூட்டிப்போகும் லாரியைப் பிடிக்க காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும், அது நமக்கு நடுராத்திரி ரெண்டரை. எங்களுக்கு டீ பிரேக் அப்போதுதான். லைனுக்குள் போன் எடுத்துப் போக விடமாட்டார்கள், லாக்கரில்தான் வைக்க வேண்டும். டீயைக் கையில் வைத்துக்கொண்டே லாக்கர் வரை ஓடினால் ஏழெட்டு நிமிடம் கிடைக்கும். பல் விளக்கிக்கொண்டே ‘என்னல, இன்னும் உயிரோட இருக்கியா?’ என்பான். ‘இருக்கேன்ல. ராத்திரிக்குக் கஞ்சியா சோறா?’ இதில் பேசி முடிக்க விஷயம் எதுவும் கிடையாது, விசாரிப்பதோடு சரி. எங்கள் சூபர்வைசர் ஒருநாள் ‘ராத்திரி ரெண்டரைக்கு எந்தப் பொண்ணுய்யா முழிச்சிருக்கு?’ என்று கேட்டார். விளக்கம் சொல்லவில்லை. பி ஷிப்ட் வாரத்தில் யாரும் சிக்கமாட்டார்கள், அந்த வாரம் அப்படியே போகும்.

இதையெல்லாம்விடப் பெரிய உதவி செய்தது வேறு ஒன்று. சிங்கப்பூர்க்காரன் போன புதிதில் எங்கள் ஐந்து பேர் குரூப் செத்துக் கிடந்தது. யாராவது தீபாவளி வாழ்த்து போடுவார்கள், மற்றவர்கள் கை கூப்புவார்கள். காரணம் எளிமையானது: சொல்வதற்கு நல்ல செய்தி யாரிடமும் இல்லை. அவன் சிங்கப்பூர் டாலரில், அதாவது வெள்ளியில், சம்பளம் வாங்குகிறான், நம் பாட்டைச் சொன்னால் கடன் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை. பந்தாவாகப் போனவன் புலம்பக் கூடாது என்று அவன் திறக்கவில்லை. ஒரு ராத்திரி அவனாகவே உடைத்தான். ஏஜெண்டுக்கு நாலு லட்சம் கட்டியது, அடிப்படைச் சம்பளம் நாளைக்கு 22 வெள்ளி, ஓடி செய்தால்தான் மேலே ஏதாவது, முதல் ஒன்றரை வருடச் சம்பாத்தியம் வட்டிக்கும் அசலுக்குமே சரி, அங்கே நம் ஆட்கள் கூடும் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரியாணி சாப்பிடுவதா வேண்டாமா என்று யோசிப்பது, எல்லாவற்றையும் டைப் பண்ணிப் போட்டான். அரை மணி நேரம் யாரும் எதுவும் போடவில்லை. அப்புறம் ஓசூர்க்காரன் தன் சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்துப் போட்டான், கான்ட்ராக்ட் பிடித்தம் உட்பட. அதன்பிறகு நானும்.

இப்போது அந்தக் குரூப்பில் வாழ்த்துப் படமே வருவதில்லை. தக்காளி விலை வருகிறது, துபாய்ப் பணமான திர்ஹாம் எவ்வளவு ஏறியது என்று வருகிறது, யாருக்கு எந்த மாதம் இன்சூரன்ஸ் கட்ட வேண்டும் என்று வருகிறது. பணம் கைமாற்றுவதும் உண்டு, ஆயிரம் ரெண்டாயிரம், திரும்பி வராவிட்டாலும் பேச்சு நிற்காத அளவுக்கு மட்டும். அதற்கு மேல் வேண்டியவன் நகையை வைத்துக்கொள்ளட்டும். இது கொஞ்சம் கல்நெஞ்சுத்தனமாகத் தெரியலாம், ஆனால் கடனால் முறிந்த சிநேகிதங்களை ஊரில் நிறையப் பார்த்தவன் நான்.

உங்கள் நண்பர்களும் உங்களைப் போலவே வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். யாராவது ஒருவர் முதலில் உண்மையான தொகையைச் சொல்ல வேண்டும். அது நீங்களாக இருந்தால் ரெண்டு நாள் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான்.

பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது தனிப் பிரச்சினை, அதைத் தூரத்து நண்பர்களால் தீர்க்க முடியாது. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர வாய்ஸ் மெசேஜால் ஆகாது. என் அறையில் இருப்பவர் ஒடிசாக்காரர், அவர் தமிழும் என் இந்தியும் சேர்ந்து அரை மொழிதான் தேறும். எனக்கு டைபாய்டு வந்தபோது ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி வரிசையில் நின்றது அவர்தான். அவரை ‘நண்பர்’ என்று சொல்வதற்கு எனக்கு வெகுகாலம் பிடித்தது, ஏனென்று தெரியவில்லை. இன்னொன்று: தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் அதை ஏக்கம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். 14416 என்பது அரசின் டெலி மனஸ் எண். இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

ஊருக்குத் திரும்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஐந்து பேரில் ரொம்பத் தனியாக இருப்பது ஊரில் இருக்கிறவன்தான். நாங்கள் ஊர் என்றால் பழைய கூட்டத்தை நினைத்துக்கொள்கிறோம். அவன் அந்தக் கூட்டம் போன பிறகான ஊரில் தினமும் கடையைத் திறக்கிறான். சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்றால் தெரிந்த முகமே இல்லை, எல்லாம் தம்பி செட்டுப் பையன்கள் என்பான். என் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவன். துபாய்க்காரன் வீட்டில் மோட்டார் ரிப்பேர் என்றால் போவதும் அவன். பண்டிகை டிக்கெட்டும் அவன் பொறுப்பு. முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, காலை எட்டு மணிக்குத் திறந்தால் நெல்லை எக்ஸ்பிரஸும் முத்துநகரும் ஐந்து நிமிடத்தில் வெயிட்டிங் லிஸ்ட். அந்த நேரம் நான் லைனில் இருப்பேன். அவன்தான் உட்கார்ந்து போட்டுத் தருவான். கிடைக்காவிட்டால் கிளாம்பாக்கம். சென்னைக்காரர்கள் எல்லாரும் திட்டித் தீர்த்த பஸ் ஸ்டாண்ட் அது, படப்பையிலிருந்து போகிற எங்களுக்கு மட்டும் கோயம்பேட்டைவிடப் பக்கம்.

அதனால் திரும்புவதென்றால் அங்கே ஒரு வேலையைப் பார்த்துவைத்துக்கொண்டு, அந்தச் சம்பளத்தில் காலம் தள்ள முடியுமா என்று கணக்குப் போட்டுத் திரும்புங்கள். அப்பா அம்மாவுக்காக என்றாலும் நியாயம். நண்பர்கள் இருப்பார்கள் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். போய் இறங்கினால் உங்களையும் சேர்த்து ரெண்டு பேர் இருப்பீர்கள், மற்றவன் எல்லாம் அப்போதும் ஓசூரிலும் துபாயிலும்தான் இருப்பான். அந்த ரெண்டாவது ஆள் உங்களைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்படுவான் என்பது வேறு விஷயம்.