மூணுலிருந்து ரெண்டுக்கு: அந்த 1,500 சுற்று எங்கிருந்து வரும்?

கேள்வி: பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கி நான்கு மாதம் ஆகிறது. ஆறு கியர் மேனுவல், பின்சக்கர டிரைவ். தருமபுரியிலிருந்து வத்தல்மலை போகும்போது, வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் வண்டி உலுக்குகிறது. சில சமயம் 'கர்ர்' என்று சத்தமும் வருகிறது. ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். போடலாமா? (வாசகர், காவேரிப்பட்டணம்)

இப்போதைக்கு வேண்டாம். ஷார்ட் ஷிஃப்டர் லிவர் நகரும் தூரத்தை மட்டும்தான் குறைக்கும். அதனால் கைக்கு இன்னும் கொஞ்சம் பலம் கூடுதலாகத் தேவைப்படும். கியர்பாக்ஸுக்குள் நடக்கிற வேலை அப்படியேதான் இருக்கும். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு. உலுக்கல் ஒன்று, சத்தம் வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் மருந்தும் மாறிப்போகிறது.

முதலில் உலுக்கல். உங்கள் காரில் இரண்டாம் கியர் விகிதம் 2.1, மூன்றாவது 1.4 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் 3,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3,000 சுற்று) போகிற வண்டி, அதே வேகத்தில் இரண்டுக்கு வந்தால் இன்ஜின் ஒன்றரை மடங்கு, அதாவது 4,500 சுற்ற வேண்டும். கிளட்ச்சை மிதித்து ஆக்சிலரேட்டரையும் விட்டுவிட்டால் இன்ஜின் 4,500க்கு ஏறுவதற்குப் பதில் கீழே இறங்குகிறது. கிளட்ச்சை விட்டதும் அந்த 1,500 சுற்றையும், அதற்கு மேல் இறங்கியதையும் பின்சக்கரம்தான் இன்ஜினுக்குக் கொடுத்தாக வேண்டும். உங்களைத் தூக்கிப் போடுவது அதுதான். மழை பெய்த வளைவில் இதைச் செய்தால் பின்சக்கரம் பிடிமானம் விட்டு வழுக்கும். பின்சக்கர டிரைவ் வண்டி வைத்திருப்பவர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பரிகாரம் எளிது. கிளட்ச் மிதித்திருக்கும்போதே, லிவர் இரண்டுக்குப் போகிற நேரத்தில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டுங்கள். ஆர்பிஎம் மீட்டர் ஊசி 4,500 பக்கம் ஏறும்போது கிளட்ச்சை விட்டால் கியர் மாறியதே தெரியாது. பழகுவதற்கு மலை வேண்டாம். காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டில், மூன்றில் 2,000இல் போய்க்கொண்டு இரண்டுக்கு இறக்குங்கள், குறி 3,000. ஊசியைப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே பிடிக்க வருகிற வரை பிரேக்கைச் சேர்க்காதீர்கள். அதற்குப் பிறகுதான் ஹீல் அண்ட் டோ: வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் அழுத்தம் மாறாமல் இருக்க, பாதத்தின் வலது விளிம்பைச் சாய்த்து ஆக்சிலரேட்டரைத் தட்டுவது. பிரேக் அழுத்தம் கூடிக் குறைந்தால் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். பெயரில் 'ஹீல்' இருந்தாலும் பல கார்களில் குதிகாலுக்கு வேலையே இல்லை.

இனி அந்தச் சத்தம். கியர் பற்கள் கோர்ப்பதற்கு முன்னால் இரண்டு பக்க வேகத்தையும் உரசிச் சமமாக்குவது சிங்க்ரோ வளையம். 1928இல் காடிலாக் காரில் வந்த ஏற்பாடு இது. பெரும்பாலும் பித்தளை மாதிரி மஞ்சள் உலோகத்தில் செய்திருப்பார்கள். நீங்கள் கிளட்ச் மிதித்தபடி ஆக்சிலரேட்டரைத் தட்டினால் இன்ஜின் மட்டும்தான் வேகமெடுக்கும். கியர்பாக்ஸின் உள்தண்டையும் கிளட்ச் தகட்டையும் 4,500க்கு ஏற்றுகிற பாரம் அப்போதும் சிங்க்ரோவின் மேல்தான். அதைக் குறைக்க டபுள் கிளட்ச் வேண்டும்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்ச்சை விட்டு ஒரு தட்டு, மறுபடி மிதித்து இரண்டு. சிங்க்ரோ இல்லாத லாரி ஓட்டிய நம்மூர்ப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். நல்ல நிலையில் உள்ள காருக்கு இது தினமும் தேவையில்லை. சிங்க்ரோ தேய்ந்திருந்தால் ஆயுளை நீட்டிக்கும்.

ஆனால் தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கால் மிதியடி பெடலுக்கு அடியில் சுருண்டு, கிளட்ச் முழுதாக இறங்காமல் இருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதைச் சரிபாருங்கள். பிறகு வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே கிளட்ச்சை முழுதாக மிதித்து, ஐந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் 'கர்ர்' என்று கடித்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது) என்றால் பிரேக் ஆயிலை மாற்றி, காற்றை எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

அடுத்து கியர் ஆயில். பழைய வண்டி வாங்கியவர்கள் பலர் இன்ஜின் ஆயிலை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். கையேட்டில் ஜிஎல்-4 என்று ஆயிலின் தர வகை இருந்தால் அதையே ஊற்றச் சொல்லுங்கள். 'ஜிஎல்-5 ஒசத்தி' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் கூடுதலாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பகுதி) நல்லது. சில கியர்பாக்ஸ்களில் அதுவே சிங்க்ரோவின் உரசலைக் கெடுத்து, மஞ்சள் உலோகத்தையும் அரிக்கும். மார்கழிக் காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாம் கியர் முரண்டு பிடித்தால் அது ஆயில் கெட்டியாக இருப்பதால்தான். சூடாகிற வரை நிதானமாகப் போடுங்கள்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். லிவரை முஷ்டியாகப் பிடிக்காதீர்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நியூட்ரலில் லிவர் தானாகவே நடுவுக்கு வரும். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. உள்ளங்கையால் நேராக மேலே தள்ளினால் போதும். இறுகப் பிடித்து இழுக்கிறவர்கள்தான் தப்பான கியருக்குப் போகிறார்கள். ஐந்திலிருந்து நான்குக்கு வரும்போது கை இடது பக்கம் தள்ளிப் போய் இரண்டில் விழுந்தால் இன்ஜின் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிடும். இன்ஜின் அதிகம் சுற்றாமல் தடுக்கிற லிமிட்டர் இங்கே காப்பாற்றாது. அது எரிபொருளைத்தான் நிறுத்தும், சக்கரம் சுழற்றுவதை நிறுத்தாது. வால்வு வளைந்தால் செலவு காரின் விலையில் பாதி வந்து நிற்கும்.

தொப்பூர்க் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது கியரைச் சரிவு தொடங்கும் முன்பே குறைத்துவிடுங்கள். நியூட்ரலில் உருட்டாதீர்கள். அங்கே பின்னால் வருகிற லாரிக்கும் இடம் விடுங்கள். அதன் பிரேக் எந்த நிலையில் இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது.

ஆயில், கிளட்ச் இரண்டையும் பார்த்து, ஒரு மாதம் பழகிய பிறகும் கடித்தால் கியர்பாக்ஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஷார்ட் ஷிஃப்டருக்கு வைத்திருக்கிற பணத்தை அதற்கு எடுத்து வையுங்கள்.