விடுமுறை நாள் வேலையும் ஊதியமும்: இராமநாதபுரம் கடற்கரைத் தொழிலாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

கீழக்கரையிலிருந்து தொண்டி வரையிலான கடற்கரையில் ஐஸ் கம்பெனிகளிலும், இறால் பதப்படுத்தும் ஆலைகளிலும், ராமேஸ்வரத்து விடுதிகளிலும் பணியாற்றும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். அதற்கு முன் எல்லாப் பதில்களுக்கும் அடிப்படையான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டத்தின்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், அவற்றுடன் ஐந்து பண்டிகை நாட்களும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையாகும். இந்த ஒன்பது நாட்கள் எல்லோருக்கும் உரிய குறைந்தபட்சம். சங்கம் போடும் ஒப்பந்தம் இதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம். இதற்குக் கீழே இறங்க முடியாது.

ஆகஸ்ட் 15 அன்று வேலைக்கு வந்தேன். ஒப்பந்தத்தில் ‘இரட்டைச் சம்பளம்’ என்று இருக்கிறது. ஆனால் பே ஸ்லிப்பில் ஒரு நாள் சம்பளம் மட்டுமே கூடுதலாக ஏறியிருக்கிறது. இது சரியா? (மாதச் சம்பளக்காரர், பாம்பன்)

சட்டக் கணக்கின்படி சரியாக இருக்கலாம். உங்கள் ஒப்பந்தக் கணக்கின்படி தவறாகவும் இருக்கலாம். வேலைக்கே வராவிட்டாலும் அன்றைய ஊதியம் உங்களுக்கு உண்டு என்பதால், அது மாதச் சம்பளத்துக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதன்மேல் இன்னொரு நாள் ஊதியம் சேர்ந்தால் அன்றைய மொத்தம் இருமடங்கு ஆகிவிடுகிறது; சட்டம் கேட்பது அவ்வளவுதான். தினக்கூலிக்காரருக்கு அப்படி உள்ளடங்கியது எதுவும் இல்லாததால், இரண்டு நாள் கூலியும் கணக்கில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியை மட்டும் மெதுவாகப் படியுங்கள். ‘விடுமுறை நாளில் பணி செய்தால் இரட்டைச் சம்பளம்’ என்று மட்டும் இருந்தால் மேலே சொன்ன கணக்குதான். ‘விடுமுறை ஊதியத்துடன் கூடுதலாக இரட்டைச் சம்பளம்’ என்று இருந்தால் மொத்தம் மூன்று நாள் ஊதியம் வர வேண்டும். அடுத்ததாக, ஒரு நாள் ஊதியத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பாருங்கள். மாதம் 18,000 ரூபாயை 30ஆல் வகுத்தால் 600 ரூபாய். வார விடுமுறைகளை நீக்கி 26ஆல் வகுத்தால் சுமார் 692 ரூபாய். வகுக்கும் எண் எது, அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் மட்டுமா அல்லது மற்றப் படிகளும் சேருமா என்பதை எழுதாமல் விட்ட ஒப்பந்தங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த பேச்சுவார்த்தையில் நூறு ரூபாய் சம்பள உயர்வுக்குக் காட்டும் வேகத்தில் பாதியையாவது இந்த ஒரு வரிக்குக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் நிறுவனம் பணம் தருவதே இல்லை. ‘சி ஆஃப் (வேலை செய்த விடுமுறைக்கு ஈடாக வேறொரு நாள் விடுப்பு) எடுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறது. (மண்டபம்)

இருமடங்கு ஊதியமா, அன்றைய ஊதியத்துடன் வேறொரு நாள் ஊதியத்தோடு கூடிய மாற்று விடுமுறையா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் தொழிலாளியிடம் கொடுத்திருக்கிறது, நிர்வாகத்திடம் அல்ல. உங்கள் விருப்பத்தை அந்த வாரத்துக்குள் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இறால் உரிக்கும் பெண்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மே 1 மீன்பிடித் தடைக்காலத்தில் வருவதால், ‘அன்றைக்குச் சரக்கே இல்லை, எதற்குக் கூலி?’ என்று சூப்பர்வைசர் கேட்கிறார். சென்ற ஆண்டு சங்கம் சண்டை போட்ட பிறகு ஆளுக்கு 146 ரூபாய் கொடுத்தார்கள். (மண்டபம் அருகே)

அம்மா, வந்த கேள்விகளில் நான் அதிக நேரம் செலவிட்டது உங்கள் கேள்விக்குத்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சரக்கு மட்டுமே ஆலைக்கு வருகிறது. எனவே உங்கள் வருமானம் ஆண்டிலேயே மிகவும் தாழ்ந்திருக்கும் நேரத்தில்தான் மே தினம் வருகிறது. ஆனால் சரக்கு வந்ததா, வரவில்லையா என்பது விடுமுறை ஊதியத்துக்கு நிபந்தனை அல்ல. கிலோ கணக்கில் கூலி பெறுகிறவரும் தொழிலாளிதான். பணிப்பதிவேட்டில் பெயர் இருக்கிறவருக்கு மே 1 ஊதியத்துடன் கூடிய விடுமுறை.

அடுத்தது, எவ்வளவு என்ற கேள்வி. 146 ரூபாய் எப்படி வந்தது என்று உங்கள் கடிதத்தோடு வந்த கூலிச் சீட்டுகளை வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஏப்ரலில் நீங்கள் 11 நாட்கள் வேலை செய்து 4,400 ரூபாய் ஈட்டியிருக்கிறீர்கள். அதை 30ஆல் வகுத்திருக்கிறார்கள். 146 ரூபாய் 67 காசு வருகிறது. வேலையே இல்லாத 19 நாட்களும் வகுக்கும் எண்ணுக்குள் நுழைந்ததால், உங்கள் ஒரு நாள் உழைப்பின் மதிப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பழைய தொழிற்சாலைச் சட்டம் கிலோ கணக்கு, உருப்படிக் கணக்குத் தொழிலாளர்களின் ஓவர்டைமுக்கு வகுத்த முறை வேறு: முந்தைய மாதத்தில் உண்மையில் வேலை செய்த நாட்களின் முழுநேர வருமானத்தை எடுத்து, அந்த நாட்களின் எண்ணிக்கையால் வகுப்பது. அந்த முறையில் 4,400 ரூபாயை 11ஆல் வகுத்தால் 400 ரூபாய். அந்த விதி ஓவர்டைமுக்காக எழுதப்பட்டதுதான். ஆயினும் விடுமுறை ஊதியத்துக்கும் அதையே கேட்பது முழுக்க நியாயமானது, பேச்சுவார்த்தையில் எதிர்க்கவும் கடினமானது.

என் ஆலோசனை இதோடு நிற்கவில்லை. ஏப்ரலின் இரண்டாம் பாதி தடைக்காலம் என்பதால், வேலை செய்த நாட்களிலும் கூடைகள் பாதி நிரம்பியே வந்திருக்கும். ஆகவே மே 1க்கு மட்டும் ஜனவரி முதல் மார்ச் வரை வேலை செய்த நாட்களின் சராசரியைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும், அது குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். வெளியூரில் அச்சடித்த மாதிரி ஒப்பந்தத்தைப் பெயர் மாற்றிக் கையெழுத்திடும் சங்கங்களுக்கு இந்த வரி தோன்றாது; தடைக்காலத்தில் வெறுங்கையோடு வீடு திரும்பிய பெண்கள் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தால் தோன்றும். உங்கள் கமிட்டியில் உரிப்புப் பிரிவிலிருந்து ஒருவராவது இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அதைத்தான் முதலில் கேளுங்கள்.

ரம்ஜானுக்குப் பிறை தெரியாமல் விடுமுறை ஒரு நாள் தள்ளிப்போனது. அறிவிப்புப் பலகையில் போட்டிருந்த தேதியில் நான் வரவில்லை. அன்றைக்குச் சம்பளம் பிடித்துவிட்டார்கள். மறுநாள் பெருநாள், அன்றைக்கு வேலைக்கு வரச் சொல்லி முந்தின இரவில் போன் செய்தார்கள். (கீழக்கரை)

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது தேதி. ஆண்டுத் தொடக்கத்தில் தயாரிக்கும் பட்டியலில் நிறுவனம் ஒரு தேதியை அச்சிடுகிறது. ஆனால் பெருநாள் எது என்பது பிறை பார்த்த மாலையில் தலைமை காஜி அறிவித்த பிறகே உறுதியாகிறது. நல்ல ஒப்பந்தங்களில் தேதிக்கு அருகில் ‘தலைமை காஜி அறிவிக்கும் நாள்’ என்று எழுதியிருப்பார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அந்தச் சொற்கள் இருந்தால் மறுநாள்தான் உங்கள் விடுமுறை. முதல் நாள் வராததை ஒரு நாள் விடுப்பாக ஏற்கும்படி கேட்கலாம். அந்தச் சொற்கள் இல்லாமல் தேதி மட்டும் இருந்தால், பலகையில் போட்ட அந்த நாளே விடுமுறை. அன்றைய ஊதியத்தைப் பிடித்தது தவறு.

இரண்டாவது, வேலைக்கு அழைத்த முறை. விடுமுறை நாளில் வேலைக்கு வரச் சொல்வதென்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அதன் நகல் ஆய்வாளருக்கும் போக வேண்டும். இரவில் வந்த போன் அந்த அறிவிப்பு ஆகாது. பிறை தெரிவது முந்தின மாலையில் என்பதால் 24 மணி நேரம் கொடுக்க நிர்வாகத்துக்கு வழியில்லையே என்று கேட்பார்கள். வழி இருக்கிறது: பிறை பார்க்கும் நாளுக்கு முன்பே, ‘பெருநாள் இந்த இரண்டு நாட்களில் எதுவானாலும் இன்னின்னார் பணிக்கு வர வேண்டும்’ என்று நிபந்தனையோடு கூடிய அறிவிப்பை ஒட்டிவிடலாம். அதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

கிறிஸ்துமஸ் அன்று தொடர்ந்து என்னையே ஐஸ் கம்பெனி டூட்டிக்குப் போடுகிறார்கள். எழுத்தில் அறிவிப்பும் முறையாகத் தருகிறார்கள். என்ன செய்வது? (தங்கச்சிமடம்)

அறிவிப்பு முறையாக இருந்தால் சட்டத்தில் உங்களுக்குப் பெரிய பிடி இல்லை. யாரை அழைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியது ஒப்பந்தம். விருப்பம் தெரிவித்தவர்கள் முதலில், பிறகு பதிவேட்டு வரிசைப்படி சுழற்சி, ஒருவரை அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே பண்டிகைக்கு அழைக்கக் கூடாது, எந்தச் சமயத்தாரின் பண்டிகையோ அவர்களைக் கடைசியாக அழைக்க வேண்டும் என்ற நான்கு விதிகள் போதும். இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே ஷிப்டில் நிற்கும் நம் கடற்கரையில் இதைச் செய்வது எளிது. தீபாவளிக்கு நீங்களும் கிறிஸ்துமஸுக்கு அவர்களும் மாற்றிக்கொள்ள, நிர்வாகத்துக்கு ஒரு பைசா செலவில்லை.

ஏர்வாடி சந்தனக்கூடு விழாவுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்தார். எங்களுக்கு இல்லையா?

அந்த அறிவிப்பு அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும் உரியது. காசோலை போன்றவற்றுக்கான செலாவணி முறிச் சட்டத்தின்படி அறிவிக்கப்படும் பொது விடுமுறை அல்ல என்று ஆணையிலேயே வழக்கமாகக் குறிப்பிட்டிருப்பார்கள். தனியார் ஆலைக்கு அது தானாகப் பொருந்தாது. ஐந்து பண்டிகை நாட்களில் ஒன்றாக அதைச் சேர்க்கும்படி கேட்கலாம், அல்லது ஒப்பந்தத்தில் பத்தாவது நாளாக வாங்கலாம்.

ஆகஸ்ட் 14 இரவு 10 மணிக்கு ஏறி 15 காலை 6 மணிக்கு இறங்கினேன். நள்ளிரவுக்குப் பின் ஆறு மணி நேரம் விடுமுறை நாளில்தானே வேலை செய்தேன்? (ஐஸ் கம்பெனி ஆபரேட்டர்)

நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் வார விடுமுறையை எப்படிக் கணக்கிடுவது என்பதற்குத் தொழிற்சாலைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு ஒரு முறை வகுத்தது: நள்ளிரவுக்குப் பிந்தைய மணிகள் முந்தைய நாளோடு சேரும், விடுமுறை என்பது ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இதே முறை தொடர்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் தேசிய விடுமுறைக்கும் இதையே பின்பற்றுகின்றன. அதன்படி உங்கள் விடுமுறை 15 காலை 6 மணி முதல் 16 காலை 6 மணி வரை. ஆகவே 15 இரவு 10 மணிக்கு உங்களை மீண்டும் ஏற்றியிருந்தால் அதுதான் விடுமுறை நாள் வேலை. அந்த இரவுக்கு இருமடங்கு வந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் விட்டுப்போகிறது.

வாக்குப்பதிவு நாளும் ஒன்பதில் ஒன்றா? (ராமேஸ்வரம் விடுதி ஊழியர்)

இல்லை, அது தனி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி வாக்குரிமை உள்ள ஊழியருக்கு அன்று ஊதியத்துடன் விடுமுறை, தினக்கூலிக்காரருக்கும் உண்டு. பணிக்கு வராவிட்டால் ஆபத்தோ பெரும் இழப்போ நேரும் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

எங்கள் ஒப்பந்தம் ஆண்டுக்கு 12 விடுமுறை தருகிறது. அதன் காலம் மார்ச்சில் முடிந்துவிட்டது. ‘இனி ஒன்பதுதான்’ என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். (தொண்டி)

அந்த நோட்டீஸால் மட்டும் மூன்று நாட்கள் போய்விடாது. காலம் முடிந்தாலும், ஒரு தரப்பு எழுத்தில் முடிவு அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் ஆகும்வரை ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்றது பழைய தொழிற்தகராறு சட்டத்தின் 19(2) பிரிவு. புதிய தொகுப்பில் அதுவே அறுபது நாட்கள். அதற்குப் பிறகும் புதிய ஒப்பந்தமோ தீர்ப்போ வரும்வரை பழைய பணி நிபந்தனைகளே தொடரும் என்று ஆயுள் காப்பீட்டுக் கழக வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேலும் விடுமுறைகளைக் குறைப்பது பணி நிபந்தனையை மாற்றுவது; அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

உங்களுடையது அந்தப் பழைய சட்டத்தின்படி தொழிலாளர் அலுவலர் முன் போட்ட 12(3) ஒப்பந்தமா, நேரடியாகப் பேசிப் போட்ட 18(1) ஒப்பந்தமா என்று பாருங்கள். முன்னது ஆலையில் உள்ள எல்லோரையும், பின்னர் சேர்ந்தவர்களையும் கட்டுப்படுத்தும். பின்னது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும். பலகையில் ஒட்டிய நோட்டீஸைத் தேதி தெரியும்படி இன்றே படம் எடுத்து, சங்கத்தின் லெட்டர் பேடில் ஆட்சேபக் கடிதம் கொடுங்கள். நகலைத் தொழிலாளர் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பறிக்கப்பட்ட மூன்று நாட்களில் யாராவது வேலை செய்தால், அவர்கள் பெயரையும் அன்றைய வருகைப் பதிவையும் தனியே குறித்து வையுங்கள். ஒப்பந்தத்தின்படி வர வேண்டிய பணத்தை அரசு மூலம் வசூலிக்கும் மனுவை, பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.