பார்மசி மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடம் அமைப்பது: கேள்வி பதில்

கேள்வி: பி.பார்ம் முதல் செமஸ்டர் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் தியரிக்கு மொத்தமே 30 மணி நேரம். பாதிப் பிள்ளைகள் தமிழ்வழியில் படித்தவர்கள். எங்கே தொடங்குவது?

பதில்: மருந்துக் கவுண்டரில் தொடங்குங்கள். பார்மசூட்டிக்ஸ், பார்மகாலஜி ஆசிரியர்களோடு உட்கார்ந்து காகிதங்களைச் சேகரியுங்கள்: நோயாளி பெயரை மறைத்த மருந்துச்சீட்டு நகல் இருபது, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மருந்துத் தாள் ஐந்தாறு, ஒரு எஸ்.ஓ.பி. (ஒரு வேலையைச் செய்யும் முறையைப் படிப்படியாக எழுதிய ஆவணம்). இதை யார் படிக்கிறார், படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிகள்தான் உங்கள் பாடத்திட்டம். சிலபஸில் உள்ள கேட்டல், எழுத்து, நேர்காணல், குழு விவாதம் எல்லாவற்றையும் இதே காகிதங்களை வைத்தே நடத்தலாம். குழு விவாதத்துக்கு 'செல்போன் நன்மையா தீமையா' வேண்டாம். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்பவருக்கு என்ன பதில் என்று விவாதிக்க விடுங்கள்.

மருந்துத் தாளை முதல் வரியிலிருந்து வாசிக்க வைக்காதீர்கள். 'பாலூட்டும் தாய் கேட்கிறார், இரண்டு நிமிடத்தில் பதிலைக் கண்டுபிடி' என்று கொடுங்கள். மாணவர் சறுக்குவது கலைச்சொல்லில் அல்ல, அதை மற்ற பாடங்களில் படித்துவிடுவார். 'அன்லெஸ்', 'அன்டில்', 'அட் லீஸ்ட்', 'நோ மோர் தேன்' இவற்றில்தான் சறுக்குகிறார். பாராசிட்டமாலுக்கு '24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது' என்ற வரம்பைக் கொடுக்க வேண்டிய அளவாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கேள்வி: கிராமரை முழுசாக முடித்துவிட்டு இதற்கு வரலாமா?

பதில்: வந்து சேர மாட்டீர்கள். ஏவல் வாக்கியம், பாசிவ், நேரம் குறிக்கும் முன்னிடைச்சொற்கள் போதும். மீதியை மாணவர் தடுமாறும் இடத்தில் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: மருந்தைத் தினம் எத்தனை முறை போட வேண்டும் என்று சீட்டில் எழுதும் ஓ.டி. (ஒரு முறை), பி.டி. (இரு முறை), டி.டி.எஸ். (மூன்று முறை) போன்ற சுருக்கங்களுக்கு எத்தனை வகுப்பு?

பதில்: இரண்டு. ஆனால் படிக்க மட்டும், எழுத அல்ல. இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஓ.டி. நம் ஊரில் தினம் ஒரு முறை. கண் மருத்துவக் குறிப்பில் அதுவே வலது கண். யூனிட்டுக்குப் போடும் 'யு' கிறுக்கலில் பூஜ்யமாகி, 10 யூனிட் இன்சுலின் 100 ஆகிவிடும். 1.0 என்று எழுதினால் புள்ளி மறைந்து 10. புள்ளிக்கு முன் பூஜ்யம் போடாத .5 வெறும் 5. மைக்ரோகிராம் குறியை மில்லிகிராமாக வாசித்தால் ஆயிரம் மடங்கு. பயிற்சி எளிது: பத்துச் சீட்டு கொடுங்கள், ஒவ்வொன்றையும் முழு ஆங்கில வாக்கியமாக விரித்து எழுதட்டும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை போடும் மெத்தோட்ரெக்சேட் சீட்டு ஒன்று அதில் கட்டாயம் இருக்கட்டும். அதைத் தினமும் போட்டு உயிர் போனதுண்டு.

கேள்வி: உச்சரிப்புக்குத் தனி யூனிட் வேண்டுமா?

பதில்: ஆக்சென்ட் தேவையில்லை. போனில் ஆர்டர் வாங்கும்போது ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோல் கேட்கும். 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கமாகச் சொல்லி, மருந்துப் பெயரை எழுத்துக்கூட்டித் திருப்பிச் சொல்லப் பழக்குங்கள். சிறுநீர் பிரியச் செய்யும் லேசிக்ஸோடு குழம்பியதால் அமெரிக்காவில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் லோசெக் 1990-இல் பெயர் மாறி பிரிலோசெக் ஆனது.

கேள்வி: அரசு மருத்துவமனை பார்மசிஸ்ட் நான். வரும் நோயாளி எல்லாரும் தமிழ்தான். மருந்தை எப்படிப் போடுவது என்று நோயாளிக்கு விளக்கும் கவுன்சலிங் ரோல்பிளே ஆங்கிலத்தில் எதற்கு?

பதில்: நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் தேவையே இல்லை. ஆங்கிலத் தாளை வாசித்துவிட்டுத் தமிழில் விளக்கட்டும்.

குறுக்கே இன்னொருவர்: அதெப்படி சார்? கேம்பஸ் இன்டர்வியூ, வெளிநாடு எல்லாம் ஆங்கிலம்தானே?

பதில்: வெளிநாட்டுக்கு ஓ.இ.டி. என்று மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு இருக்கிறது. பார்மசிக்கெனத் தனியாக, சுமார் ஐந்து நிமிட ரோல்பிளே இரண்டு. அதை விருப்பப் பாடமாக வையுங்கள். 60 பேர் வகுப்பையும் அதற்காக வளைக்காதீர்கள்.

அவரே: தமிழில் பேச வைத்தால் அது ஆங்கில வகுப்பா?

பதில்: ஆங்கிலத் தாளைப் புரிந்துகொண்டாரா என்று அதைவிட நன்றாகச் சோதிக்க வழியில்லை. தைராய்டுக்குப் போடும் லெவோதைராக்சின் தாளைக் கொடுங்கள். 'வெறும் வயிற்றில் போடுங்க' என்று மட்டும் சொன்னால் பாதி மதிப்பெண். 'காலையில எழுந்ததும் தண்ணியோட போடுங்கம்மா, அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் கழிச்சு சாப்பிடுங்க, காபியும் அப்புறம்தான், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளி' என்று சொன்னால் முழு மதிப்பெண். பிறகு நோயாளியாக நடிப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அளவு தவறினால் மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் பூஜ்யம். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 'இரண்டு மாத்திரை தினம் இருமுறை' என்ற லேபிளைச் சரியாக வாசித்தவர்களிலேயே பலர் ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணிக் காட்டத் திணறினார்கள். வாசிப்பை மட்டும் சோதித்து விட்டுவிடக் கூடாது என்பது அதனால்தான்.

மற்றொருவர்: அப்படியானால் தமிழ்த்துறைக்கே கொடுத்துவிடலாமே!

பதில்: கொடுக்கலாம், மருந்துத் தாளைத் தமிழில் அச்சடித்தால்.

கேள்வி: நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: முதல் பதிலில் சொன்ன காகிதங்கள்.

கேள்வி: சுருக்கங்களுக்கு மனப்பாடப் பட்டியல் கிடைக்குமா?

பதில்: படிக்க மட்டும், எழுத அல்ல. மேலே பாருங்கள்.

கேள்வி: மெத்தோட்ரெக்சேட் டோஸ் எவ்வளவு?

பதில்: பார்மகாலஜி ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு எழுத்துப் பயிற்சி?

பதில்: எஸ்.ஓ.பி.யில் ஒரு படிக்கு ஒரு வினை, ஏவலில். 'கலக்கி, வடிகட்டி, எடை போடு' என்று ஒரே வரியில் எழுதினால் நடுப்படி விட்டுப்போகும். டீவியேஷன் ரிப்போர்ட்டில் (வகுத்த முறையிலிருந்து விலகியதைப் பதியும் அறிக்கை) நடந்தது முதலில், காரணம் பிறகு. மாணவர்கள் காரணத்தில் தொடங்கி யார் மீது பழி என்பதிலேயே நின்றுவிடுவார்கள். எப்போது, எந்த பேட்ச், எந்தக் கருவி, எவ்வளவு விலகல் என்று நான்கு கட்டம் வரைந்து கொடுங்கள். கட்டம் நிரம்பிய பிறகு வாக்கியம் எழுதட்டும்.