வாவிச் சேற்றில் மேலே இருக்கும் சிப்பி, கீழே இருக்கும் கரியை விட மூத்ததாக வருவது ஏன்?

மட்டக்களப்பு வாவியில் நீங்கள் எடுத்த சேற்றுக்குழாய் (அடிச்சேற்றைப் படைபடையாகக் குழாயில் எடுத்த மாதிரி) தலைகீழாகவில்லை. காபன்-14 எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து வயது கணிக்கும் முறையில் 110 செ.மீ. ஆழச் சிப்பி 2900 ஆண்டு, 140 செ.மீ. கரித்துண்டு 2400 ஆண்டு என்று வந்திருப்பதில், நான் சந்தேகப்படுவது சிப்பியைத்தான்.

கடல்நீரில் கரைந்திருக்கும் காபன் ஏற்கனவே பழையது. அதைக்கொண்டு ஓடு கட்டும் மட்டி, உயிரோடு இருக்கும்போதே பல நூறு ஆண்டு மூத்ததாகக் காட்டும். கரியில் இருப்பதோ காற்றின் காபன். ஆகவே ஆய்வுகூடம் தந்த இலக்கங்களை அப்படியே ஒப்பிட வேண்டாம். காபன் வயதை உண்மை ஆண்டாக மாற்றும் வளைகோடுகள் இருக்கின்றன. கரிக்கு, காற்றின் காபனுக்கான இன்ட்கால்20 (IntCal20), சிப்பிக்கு, கடலுக்கான மரைன்20 (Marine20) வளைகோட்டைப் போட்டுப் பாருங்கள்.

அதோடு முடியாது. மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் மணல் மூடினால் ஆற்றுநீர் ஓங்கும், வெட்டிவிட்டால் கடல்நீர் ஏறும். ஆகவே கடலுக்கான திருத்தம் இங்கே எல்லா ஆழத்துக்கும் ஒரே அளவாகப் பொருந்தாது. இதற்கு ஒரே மட்டத்தில் ஒரு சிப்பியும் ஒரு விதை அல்லது இலைத்துண்டும் எடுத்து இரண்டையும் அளப்பதே வழி. அந்த வித்தியாசம்தான் அந்த ஆழத்துக்குரிய உங்கள் திருத்தம். இரு ஓடும் மூடியபடி கிடக்கும் மட்டியையே தேர்ந்தெடுங்கள். தேய்ந்த ஒற்றை ஓடு வேறெங்கோ இருந்து அலை கொண்டுவந்ததாக இருக்கலாம்.

கரியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். முதிர்ந்த மரத்தின் உள்வைரம் எரிந்திருந்தால் அதுவும் வயதைக் கூட்டும். கண்டல் வேர் கீழே இறங்கியிருந்தால் குறைக்கும். அந்தச் சோடி மாதிரிகளின் முடிவு வரும்வரை அந்தச் சிப்பிப் படையை, ஆற்றுநீர் குறைந்த வரட்சிக் காலம் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.